கன்சல்டிங் அறையும் கேமராவும்: உளவியலாளர் ஆவணப்படம் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

1950-களின் தொடக்கம், லண்டன். இரண்டு வயது ஐந்து மாதம் ஆன லாரா என்ற குழந்தையைத் தொப்புள் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அம்மா கூடத் தங்க முடியாது. அந்தக் காலத்து இங்கிலாந்து மருத்துவமனை வழக்கம் அப்படி. வந்து பார்ப்பதற்கே நேரக் கட்டுப்பாடு. முதல் நாள் அழும், அப்புறம் பழகிவிடும் என்று வார்டில் எல்லோரும் நம்பினார்கள். டாவிஸ்டாக் கிளினிக்கில், தாய்-குழந்தைப் பிணைப்பை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியுடன் வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன், குழந்தை பழகுவதில்லை, நம்பிக்கை விட்டுப்போய் அடங்கிவிடுகிறது என்று பல வருடம் சொல்லிப் பார்த்தார். மருத்துவர்கள் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஒரு 16 எம்.எம். கேமராவோடு வார்டுக்குள் போய்விட்டார்.

அந்தப் படம் 1952-இல் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் திரையிடப்பட்டபோது மருத்துவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஏழு வருடம் கழித்து, 1959-இல், குழந்தைகளைப் பெற்றோர் தாராளமாக வந்து பார்க்க விட வேண்டும் என்று அரசு அமைத்த பிளாட் குழு அறிக்கை கொடுத்தது. அந்த மாற்றத்தில் ராபர்ட்சனின் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எம்.எஸ்ஸி. வகுப்பில் இதை முதலில் பார்த்தபோது, குழந்தை ஓவென்று அழப்போகிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். லாரா பெரும்பாலும் அழவில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு, பொம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வருகிற அழுகையை விழுங்குகிறாள். அதைப் படம் என்று கண்டுகொள்ள ஒரு பழகிய கண் வேண்டும். ராபர்ட்சனுக்கு அது எங்கே கிடைத்தது தெரியுமா? போர்க்காலத்தில் குழந்தைகள் உளப்பகுப்பாய்வாளர் ஆனா ஃப்ராய்ட் நடத்திய ஹாம்ப்ஸ்டெட் குழந்தைகள் காப்பகத்தில் அவர் கொதிகலன் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருந்தார். கொதிகலன் ஆள் உட்பட, அங்கே வேலை பார்த்த எல்லோரும் குழந்தைகளைப் பற்றிக் கண்ணில் பட்டதை அட்டையில் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது ஆனா ஃப்ராய்டின் விதி.

உளவியலும் படிக்கிறேன், ஆவணப்படமும் எடுக்கணும் என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம் இந்த அட்டைக் கதையைத்தான் முதலில் சொல்வேன். அவர்களில் பலர் வேறு கணக்கோடு வருகிறார்கள்: உளவியலாளருக்கு நிறையக் கதைகள் கிடைக்கும், அதைப் படமாக்கலாம் என்று. அந்தக் கதைகள்தான் உங்களால் தொடவே முடியாதவை. உங்கள் கையில் இருக்கும் ஒரே சொத்து பார்க்கக் கற்றுக்கொண்டதுதான். கீழே எழுதியிருப்பது எல்லாம் அதிலிருந்து வருவது.

படி 1: எது அடிமரம் என்று முடிவு செய்யுங்கள்

உளவியல்தான் அடிமரமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. காரணம் எளிது. சினிமாவைத் துண்டு துண்டாகக் கற்றுக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். மனநலப் பணியை அப்படிக் கற்க முடியாது. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, நீங்கள் பார்த்த ஒவ்வொரு கேஸையும் கேட்டு, திருத்தி, திட்டி வளர்க்க வேண்டிய வேலை அது.

இந்தியாவில் பாதை ஏறக்குறைய இப்படி: உளவியலில் இளநிலை, பிறகு இரண்டு வருட முதுநிலை. பள்ளி, தொழிற்சாலை, ஆராய்ச்சி, பொது ஆலோசனை என்று போகிறவர்கள் அதோடு வேலையைத் தொடங்கலாம். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பல வருடமாக அந்தப் படிப்பு என்றால் இரண்டு வருட எம்.ஃபில். தான், பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம் போன்ற இடங்களில் மருத்துவமனையோடு சேர்ந்து நடப்பது. இப்போது காற்று மாறுகிறது. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திய பல்கலைக்கழக மானியக் குழு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு கொடுத்தது; கவுன்சிலும் புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே பணம் கட்டும் முன் கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரி அலுவலகம் சொல்வதை மட்டும் நம்பி இரண்டு வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. நம் ஊரில் மனநல மருத்துவரையும் உளவியலாளரையும் மக்கள் ஒரே மூச்சில் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மருந்து எழுதுகிறவர். நமக்கு மருந்து எழுதும் உரிமை இல்லை. படத்தில் வரும் ஆட்களிடம் முதல் நாளே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கேமராவோடு வந்திருக்கும் 'டாக்டர்' என்று நினைத்துவிட்டால் அவர்கள் கொடுக்கும் சம்மதத்துக்கே அர்த்தம் மாறிவிடும்.

எல்லோருக்கும் கிளினிக்கல் படிப்பு வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்குக் கூட்டத்தின் மனம், பள்ளிக்கூடம், பேருந்து நிலையம் இதெல்லாம்தான் பிடிக்கும் என்றால் சமூக உளவியல் போதும். கீழ்ப்படிதல் சோதனைகளால் பெயர் பெற்ற ஸ்டான்லி மில்கிராம் சமூக உளவியலாளர்தான். யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த தன் சோதனையை 1962-இல் தானே படமாக எடுத்தார், பிறகும் படங்கள் செய்தார்.

படி 2: கேமரா வாங்காதீர்கள், இப்போதைக்கு

மூன்று மாதம் நோட்டு மட்டும். தினமும் அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். "கவலையாக இருந்தார்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். "டோக்கன் நம்பரை நான்கு தடவை பார்த்தார், பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்" என்று எழுதுங்கள். மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளியின் நடத்தையைப் பதிவு செய்யச் சொல்லிக்கொடுப்பார்களே, அதே ஒழுக்கம்தான். கவலையைக் கேமராவால் படம் பிடிக்க முடியாது, ஜிப்பைப் பிடிக்கலாம்.

அப்புறம் கையில் இருக்கும் போனே போதும். ஒரு டீக்கடையில் ஸ்டாண்டு போட்டு, கடைக்காரர் அனுமதியோடு, ஒரே கோணத்தில் ஒரு மணி நேரம் எடுங்கள். வீட்டில் பாட்டியிடம் பத்து நிமிடம் பேட்டி எடுத்து அதை மூன்று நிமிடமாக வெட்டுங்கள். பிறகு பேச்சே இல்லாமல் ஒரு வேலை தொடங்கி முடிவது வரை, மாவு அரைத்துக் கொடுக்கும் கடை மாதிரி ஏதாவது ஒன்று. இந்த மூன்றையும் நான்கைந்து தடவை திரும்பத் திரும்பச் செய்தவர்களுக்குப் பாதிப் படிப்பு முடிந்தது. முறையாகப் படிக்க ஆசையென்றால் தரமணி அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம், புனே, கொல்கத்தா இவையெல்லாம் இருக்கின்றன. ஆனால் உளவியல் முதுநிலை முடித்தவர் இன்னொரு மூன்று வருடம் முழுநேரமாகப் போக வேண்டுமா என்று கேட்டால், ஒரு நல்ல படத்தொகுப்பாளரிடம் ஆறு மாதம் உதவியாளராக உட்காருங்கள் என்பேன்.

தொழில்நுட்பத்தில் மூன்றே விஷயம் சொல்கிறேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு நொடி என்று வைத்தால் ட்யூப் லைட் மினுங்காது. இரண்டாவது, நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும், 40 மணி நேரம் எடுத்தால் 1.8 டி.பி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல், ஒன்று வேறு வீட்டில். மூன்றாவது, சத்தம். என் முதல் பேட்டி முழுக்க மின்விசிறிச் சத்தத்தில் போய்விட்டது. ஒரு அம்மா இருபது வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்; எனக்குக் கிடைத்தது கடகடவென்ற ஓசை. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க மனம் வரவில்லை, கேட்கவும் கூடாது. அன்றிலிருந்து காலர் மைக் இல்லாமல் நான் உட்காருவதில்லை. ஃபிரிட்ஜையும் அணைத்துவிடுங்கள், உங்கள் வண்டிச் சாவியை உள்ளே வைத்துவிட்டால், கிளம்பும்போது மறக்காமல் திரும்பப் போட்டுவிடுவீர்கள்.

படி 3: நடுவில் சுவர் எழுப்புங்கள்

உங்களிடம் ஆலோசனைக்கு வருகிறவர் உங்கள் படத்தில் வரக் கூடாது. முன்பு வந்து போனவரும் கூடாது. அவரே விரும்பிக் கேட்டாலும் கூடாது.

கடுமையாக இருக்கிறதே என்பீர்கள். ஒருவர் உங்களை நம்பி வாரா வாரம் வந்து அழுதிருக்கிறார். அவரிடம் போய், "உங்களைப் படம் எடுக்கலாமா?" என்று கேட்டால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உங்கள் மேல் இருக்கும் நன்றியே அவர் வாயை அடைத்துவிடும். அந்த நிமிடத்திலிருந்து அவர் உங்கள் அறையில் பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் கேமரா உட்கார்ந்துகொள்ளும்.

சட்டமும் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநலச் சிகிச்சை பெறுகிறவரின் விவரங்கள் ரகசியமாக இருக்கும் உரிமையைக் கொடுக்கிறது. 24-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது: மனநல நிறுவனத்தில் சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படத்தையோ வேறு தகவலையோ அவருடைய சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது. அவருடைய சம்மதம் என்பதைக் கவனியுங்கள். குடும்பத்தார் தலையாட்டியதோ, வார்டன் "எடுத்துக்கோங்க சார்" என்றதோ சம்மதக் கணக்கில் வராது.

இதில் சறுக்கியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. சட்டம் கற்பித்துக்கொண்டிருந்த ஃப்ரெடரிக் வைஸ்மன் 1966-இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டரில், குற்றம் செய்த மனநோயாளிகளை அடைத்துவைத்த சிறை மருத்துவமனைக்குள் போய் எடுத்த 'டிட்டிகட் ஃபாலீஸ்' உலகம் அறிந்த படம். உள்ளே நடந்த கொடுமை அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் நோயாளிகளின் அந்தரங்கம் மீறப்பட்டது என்று மாசசூசெட்ஸ் நீதிமன்றம் பொதுத் திரையிடலைத் தடுத்தது. தடை முழுதாக நீங்க 1991 ஆனது. அந்தரங்கம் என்று சொல்லி அரசு தன் மானத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டது என்று ஒரு பக்கம் சொல்வார்கள், அதிலும் நியாயம் உண்டு. இருந்தாலும் அந்தப் படத்தில் நிர்வாணமாக வரும் மனிதரிடம் யார் கேட்டார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் போகவில்லை.

அப்படியானால் ஆட்களை எங்கே தேடுவது? வெளியே. பொதுவெளியில் ஏற்கெனவே பேசுகிறவர்கள், சுயஉதவிக் குழுக்கள், குடும்பத்தார் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. உங்கள் கிளினிக் இருக்கும் வட்டாரத்தைத் தவிர்த்து வேறு ஊரில் படம் எடுப்பது நல்லது. சக உளவியலாளரின் வாடிக்கையாளரையும் அவர் மூலமாகக் கேட்காதீர்கள். அது இதே தப்பைப் பக்கத்து வீட்டு வழியாகச் செய்வது.

சுவர் எதிர்ப்பக்கத்திலிருந்தும் இடியும். படத்தில் வருகிறவர் மூன்றாவது நாள், "நீங்களே ஒரு வழி சொல்லுங்க தம்பி, ராத்திரி தூக்கமே இல்லை" என்பார். உங்கள் பயிற்சி உடனே விழித்துக்கொள்ளும். அங்கே சிகிச்சையைத் தொடங்கிவிடாதீர்கள். "அக்கா, நான் இங்கே படம் எடுக்க வந்தவன். இதை நல்லாப் பார்க்கிறவர் ஒருத்தர் இருக்கார், இப்பவே போன் போடறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஆலோசகரோடு படப்பிடிப்புக்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும், கட்டணம் உங்கள் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் படத்தை மறந்துவிடுங்கள். அப்போது நீங்கள் இயக்குநர் இல்லை.

படி 4: நோயைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள்

'மனச்சிதைவு பற்றி ஒரு படம்' என்பது தலைப்பு, அவ்வளவுதான். படத்துக்குக் கேள்வி வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மனநலம் பற்றிப் படம் எடுக்கக் கிளம்பும் புதியவர் ஒவ்வொருவருக்கும் முதலில் தோன்றும் ஷாட் சங்கிலி கட்டிய கால். அந்த ஷாட் எல்லோருக்கும் தெரியும், யாரையும் எதையும் புதிதாகப் பார்க்க வைக்காது. சங்கிலியிடுவதைச் சட்டமே தடைசெய்துவிட்டது. இன்றைக்கு அந்தக் குடும்பங்கள் என்ன செய்கின்றன என்று கேட்டால் ஒரு படம் தொடங்கும்.

இன்னொரு உதாரணம், திருச்சி பக்கம் குணசீலம். மனநலம் சரியில்லாதவர்களை அழைத்துவந்து குடும்பத்தோடு 48 நாள் தங்கும் வழக்கம் அங்கே உண்டு. மூடநம்பிக்கை என்று ஒரு படம் எடுக்கலாம், பக்தி என்று ஒரு படம் எடுக்கலாம். இரண்டும் பார்க்காமலேயே எழுதிவிடக்கூடிய படங்கள். 48 நாள் வேலைக்கு லீவு போட்டது யார்? வீட்டில் மாட்டை யார் பார்க்கிறார்கள்? சரியாகிவிட்டது என்று குடும்பம் எதை வைத்து முடிவு செய்கிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

படி 5: சம்மதம் ஒரு தடவை வாங்குவதில்லை

சினிமாக்காரர்களிடம் ஒரு பக்கப் படிவம் இருக்கும், ஆங்கிலத்தில். முதல் நாள் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. உளவியல் ஆராய்ச்சியில் அப்படி விடமாட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளும் சம்மதத்தைத் தொடர்ந்து நடக்கும் பேச்சாகத்தான் பார்க்கின்றன. அந்தப் பழக்கத்தைப் படத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நான் நான்கு இடத்தில் கேட்கிறேன். படம் எடுக்கும் முன், கேமரா இல்லாமல் இரண்டு தடவையாவது சந்தித்த பிறகு. அன்றைய படப்பிடிப்பு முடிந்ததும், "இன்னைக்குச் சொன்னதுல எதையாவது எடுத்துடணுமா?" என்று. ரஃப் கட்டில், அதாவது முதல் வரைவுத் தொகுப்பில், அவருடைய பகுதியை அவர் வீட்டிலேயே போட்டுக் காட்டிவிட்டு. பிறகு புதிதாக எங்கே போட்டாலும் அதற்கு முன். திருவிழாவில் நூறு பேர் பார்ப்பதற்குச் சரி என்றவர் யூடியூபுக்குச் சரி என்று சொன்னதாக ஆகாது. எடிட்டிங் பூட்டும் வரை காரணம் சொல்லாமலேயே விலகிக்கொள்ளலாம் என்பதைப் படிவத்திலேயே எழுதுங்கள். படிவம் தமிழில், சத்தமாகப் படித்துக் காட்டியது கேமராவில் பதிவாகியிருக்க வேண்டும்.

இந்தப் பேச்சில் பிறருக்கு என்ன ஆகும் என்பதும் வர வேண்டும். நம் ஊரில் அண்ணனுக்கு மனநோய் என்று தெரிந்தால் தங்கைக்கு வரும் வரன் நின்றுபோகும். அண்ணன் தைரியமாக முகம் காட்டத் தயார். தங்கையிடம் யாராவது கேட்டார்களா? ஒரு படத்தில் முக்கால்வாசி எடிட்டிங் முடிந்த பிறகு ஒரு அம்மா போன் செய்தார். "பொண்ணுக்குப் பேசி முடிச்சிருக்கோம் தம்பி, என்னை எடுத்துடுங்க." எடுத்துவிட்டேன். பதினோரு நிமிடம், படத்தின் நெஞ்சே அதுதான். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பதினோரு நிமிடம் என்னுடையது என்று எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். குரல், வீட்டு கேட், வண்டி நம்பர், பின்னால் தெரியும் கோயில் கோபுரம், பேச்சு வழக்கு: உள்ளூர்க்காரருக்கு இதில் ஏதாவது ஒன்று போதும். குழந்தைகள் விஷயத்தில் சலுகையே இல்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையை அடையாளம் காட்டும் எதையும், பெயர், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் உட்பட, ஊடகத்தில் வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி குற்றம். அப்படி ஒரு குற்றம் நடந்தது கேமராவுக்கு முன் தெரியவந்தால் 19-ஆம் பிரிவின்படி புகார் செய்வது உங்கள் கடமை. பேட்டிக்கு முன்பே, "இந்த மாதிரி விஷயத்தை மட்டும் என்னால ரகசியமா வைக்க முடியாது" என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பணம் கொடுக்கலாமா? கூலி இழப்புக்குக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். கதைக்கு விலை பேசக் கூடாது. எல்லோருக்கும் ஒரே தொகை, முதலிலேயே சொல்லி, பாதியில் விலகினாலும் திரும்பக் கேட்காமல்.

படி 6: படப்பிடிப்பு

ஆலோசனை அறையில் நாம் உணர்வைத் தொட்டுக் கேட்போம்: "அப்ப எப்படி இருந்துச்சு?" கேமராவுக்கு முன்னால் இந்தக் கேள்வி பெரும்பாலும் சீரியல் வசனத்தைத்தான் கொண்டுவரும். "அன்னைக்குக் காலையில என்ன சமைச்சீங்க?" என்று கேளுங்கள். ரசம் வைத்ததைச் சொல்ல ஆரம்பித்தவர் தானாகவே அந்த நாளுக்குள் போவார். உணர்வு பின்னால் வரும், வராமலும் போகலாம்.

நம் பயிற்சி இங்கே நன்றாகக் கைகொடுப்பது மௌனத்தில். அவர் பேசி முடித்ததும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் ஐந்தாறு நொடி விடுங்கள். ஆனால் இதே பயிற்சிதான் ஆபத்தும். ஆளைத் திறக்க நமக்குத் தெரியும். சிகிச்சையில் திறந்தால் மூடுவதற்கு அடுத்த வாரம் இருக்கிறது. படப்பிடிப்பில் நீங்கள் சாயங்காலம் ரயில் ஏறிவிடுவீர்கள். எனவே அழுகையில் பேட்டியை முடிக்காதீர்கள். கேமராவை அணைத்து, டீ குடித்து, பேரன் எந்தக் கிளாஸ் என்று பேசி, அவர் தரைக்கு வந்த பிறகே கிளம்புங்கள். மறுநாள் ஒரு போன். குழு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். உங்கள் கேமராமேனும் மனிதர்தான், ராத்திரி அவரையும் கேளுங்கள்.

மருத்துவமனை, காப்பகம் என்றால் நிறுவனத்தின் எழுத்து அனுமதியும், ஆராய்ச்சி என்ற பெயரில் போகிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும். பொறுமையாக இருங்கள், வேறு வழியில்லை.

படி 7: எடிட்டிங் மேசை

எல்லாப் பேட்டியையும் எழுத்தில் இறக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கு முதல் ஆறு மணி நேர வேலை. மென்பொருள் இப்போது தமிழையும் ஓரளவு எழுதுகிறது. வட்டார வழக்கு வந்தால் உளறும், கையால் திருத்த வேண்டியதுதான். ஆய்வுக்குக் கற்ற முறையையே இங்கே பயன்படுத்தலாம்: வரிக்கு வரி குறிச்சொல் போடுவது, சேர்ந்து வருவதைத் தொகுப்பது, அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. ஆனால் உளவியலாளர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம். 'களங்கம்', 'பராமரிப்பவர் சோர்வு' என்று கருப்பொருள் வாரியாகப் படத்தை அடுக்கிவிடுவோம், அது பவர்பாயிண்ட் ஆகிவிடும். சுவரில் ஒட்டிய பிறகு தலைப்பு அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, யார் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்ற வரிசையில் திரும்ப அடுக்குங்கள்.

நோயின் பெயரை வாய்ஸ் ஓவரில் வைக்காதீர்கள். நேரில் முறையாகப் பரிசோதிக்காத ஒருவருக்கு உளவியலாளர் கண்டறிதல் சொல்லக் கூடாது. 1964-இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை ஜனாதிபதி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டரின் மனநிலை பற்றி மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டுப் போட்டு, அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார்; அங்கே மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் இதற்கென்றே விதி எழுதியது. அவரே தன் நோயைச் சொன்னால் அவர் வார்த்தையில் வரட்டும். வெள்ளைக் கோட்டு நிபுணரை நடுநடுவே உட்கார வைத்து விளக்கம் சொல்ல வைப்பதும் எனக்குப் பிடிக்காது. பார்க்கிறவர் குடும்பத்தின் முகத்திலிருந்து கண்ணை எடுத்து நிபுணரின் வாயில் வைத்துவிடுவார். சோகப் புல்லாங்குழலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

அழுகிற இடத்தை மட்டும் பொறுக்கி எடுத்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? ராபர்ட்சன் இதை முன்கூட்டியே யோசித்திருந்தார். தினமும் முன்பே குறித்த நேரத்தில் எடுத்தார், வார்டுக் கடிகாரம் ஃபிரேமுக்குள் தெரியும்படி. நீங்களும் ஏதாவது ஒரு காட்சியிலாவது உங்கள் கடிகாரத்தை உள்ளே வையுங்கள்.

தற்கொலை வந்தால், முறையைக் காட்டாதீர்கள், இடத்தைக் காட்டாதீர்கள், ஒரே காரணத்தைச் சொல்லாதீர்கள், கடிதத்தைப் படிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள் இவை. இந்திய பத்திரிகைக் கவுன்சிலும் 2019-இல் ஏற்றுக்கொண்டது. படம் முடிந்ததும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 திரையில் நிற்கட்டும், எழுதிக்கொள்ளும் அளவுக்கு நேரம்.

படி 8: சோறு எங்கிருந்து வரும்?

கிளினிக்கிலிருந்து. ஆவணப்படத்தை நம்பி வாடகை கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் வீட்டு வாடகையை யார் கொடுக்கிறார் என்று கேளுங்கள். வாரம் நான்கு நாள் ஆலோசனை, மீதி நாள் படம் என்பது எனக்குச் சரிப்பட்டது. வெளியூர்ப் படப்பிடிப்பை ஒரு மாதம் முன்பே குறித்து, வாடிக்கையாளர்களிடம் சொல்லி, அவசரத்துக்கு வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போவேன். திடீரென்று அப்பாயின்ட்மெண்டை ரத்து செய்கிற உளவியலாளர் நல்ல படம் எடுத்து என்ன புண்ணியம்?

நடுவில் ஒரு வருமானம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. செவிலியர், ஆசிரியர், சுகாதாரப் பணியாளர்களுக்கான பயிற்சிப் படங்கள். மருத்துவமனைகளும் தொண்டு நிறுவனங்களும் இதற்குச் செலவு செய்கின்றன, உள்ளடக்கம் தெரிந்த இயக்குநர் அவர்களுக்குக் கிடைப்பது அரிது. ஒப்பந்தத்தில் ஃபுட்டேஜ் யாருக்குச் சொந்தம் என்ற வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் ஒரு தடவை போட்டேன், மூன்று வருட வேலை வேறொருவரின் அலமாரியில் இருக்கிறது.

சொந்தப் படத்துக்கு நிதி என்றால், பெங்களூருவில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், ஆம்ஸ்டர்டாமில் இட்ஃபா பெர்த்தா ஃபண்ட், அமெரிக்காவில் சன்டான்ஸ் ஆவணப்பட நிதி ஆகியவற்றின் அழைப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். கொல்கத்தாவின் டாக்எட்ஜ் மாதிரியான ஆவணப்படச் சந்தைகளில் தயாரிப்பாளர்கள் முன் உங்கள் படத்தை எடுத்துச் சொல்லப் பழகலாம். கேட்கும்போது 'விழிப்புணர்வு' என்ற சொல்லை விட்டுவிட்டு உங்கள் கேள்வியைச் சொல்லுங்கள்.

படி 9: திரையிடல்

முதல் காட்சி படத்தில் இருப்பவர்களுக்கு, அவர்கள் ஊரில். அதற்குப் பிறகுதான் மற்றது. திரையரங்கு போன்ற பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும்; திரைவிழாக்கள் மத்திய அமைச்சகத்திடம் விலக்கு வாங்கித் திரையிடுகின்றன; இணையத்தில் ஏற்ற சான்றிதழ் தேவையில்லை. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் நடத்தும் 'ஃபிரேம் ஆஃப் மைண்ட்' மனநலத்துக்கென்றே உள்ள விழா. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மும்பையில் நடக்கும் திரைவிழா, திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாதமியின் ஆவணப்பட விழா, 1998 முதல் மதுரையில் மறுபக்கம் அமைப்பு நடத்திவரும் விழா, இவற்றிலும் இடம் தேடுங்கள்.

காட்சி முடிந்ததும் கேள்வி நேரத்தில் நிச்சயம் ஒருவர் எழுந்து தன் அண்ணன் மகனுக்கு என்ன நோய் என்று கேட்பார். மைக்கில் பதில் சொல்லாதீர்கள். ஹாலில் ஒரு ஆலோசகர் இருக்கிறார், வெளியே மேசை போட்டிருக்கிறோம் என்று காட்டுங்கள். அந்த மேசையில் உங்கள் விசிட்டிங் கார்டு இருக்கக் கூடாது. படம் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருப்பவரை உங்கள் கிளினிக்குக்கு அழைப்பது விளம்பரம்.

படி 10: மிச்சமிருக்கும் ஹார்டு டிஸ்க்

ஐம்பது நிமிடப் படத்துக்கு நாற்பது மணி நேரம் எடுத்திருப்பீர்கள். மீதி முப்பத்தொன்பது மணி நேரத்தில் மக்கள் தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாட்களைச் சொல்லியிருக்கிறார்கள். கேஸ் குறிப்புகளை எப்படிப் பூட்டி வைக்கிறோமோ அப்படி இதற்கும் கடவுச்சொல் வேண்டும், யார் பார்க்கலாம் என்று எழுத்தில் வேண்டும், எந்தத் தேதிக்குள் அழிப்போம் என்பது சம்மதப் படிவத்திலேயே இருக்க வேண்டும். படத்தொகுப்பாளரின் கணினியில் இருக்கும் நகலையும் சேர்த்து.

விலகிக்கொண்ட அந்த அம்மாவின் பதினோரு நிமிடத்தை அவர் எதிரிலேயே அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்க்கணும் என்றார். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பேசியிருக்கேன்" என்றார். அப்புறம் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார்.